வீட்டுக்குச் சொல்லியாச்சா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நான் சங்கத்து மாடிப்படி ஏறியபோது மேலே சத்தமே இல்லை. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் பத்துப் பேர் கூடினால் நாற்பது பேர் சத்தம் கேட்கும். பாதிப் பேருக்குக் காது மந்தம், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். மீதிப் பேர் பீரங்கியைப் பரேடில் பார்த்ததோடு சரி, ஆனால் அவர்கள்தான் அதிகம் கத்துவார்கள். கீழே பூட்டுக் கடை வைத்திருப்பவர் மேலே வந்து, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கய்யா என்று கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். அப்படிப்பட்ட இடம் அன்றைக்கு ஆளில்லாத வீடு மாதிரி கிடந்தது.

இந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். பெயர் இஞ்ஞாசியம்மாள். ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து மேஜராக ரிட்டயர் ஆனவள். எனக்கு வாய் நீளம் என்று இவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். நீளம்தான், குறைத்துக்கொள்கிற உத்தேசம் இல்லை.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒலியை அணைத்திருந்தார்கள். வடக்கே எங்கேயோ ஒரு வயல்வெளியில் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. கீழே ஓடிய எழுத்தில், பயிற்சியின்போது போர் விமானம் விழுந்து நொறுங்கியது, விமானி பலி என்று இருந்தது. பெயர் போடவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தலைவர் மிக்கேல்ராஜ் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் கவிழ்த்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சுபேதாராக இருந்தவர். பட்டாளத்து வழக்கப்படி அவரை நான் சாப் என்றுதான் கூப்பிடுவேன்.

“யாரு சாப்?” என்றேன்.

“நம்ம ராமர் மகன், மேடம். அழகுராஜா.”

நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். நல்ல வேளையாக இருந்தது.

ராமர் எங்கள் சங்கத்து உறுப்பினர். பட்டாளத்தில் லாரி ஓட்டி, நாயக்காக வெளியே வந்து, தாடிக்கொம்பு தாண்டி மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவருக்கும் அவர் மனைவி அய்யம்மாளுக்கும் ஒரே மகன், விமானப் படையில் ஸ்குவாட்ரன் லீடர், போர் விமானம் ஓட்டுகிறவன். எங்கள் சங்கத்தில் டிரைவர் உண்டு, சமையல்காரர் உண்டு, வயர்லெஸ்காரர் உண்டு. வானத்தில் பறந்தவர் ஒருத்தர் கிடையாது. அதனால் அவனை நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டோம். போன பொங்கல் லீவில் வந்தவன் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். தலைகீழாகப் பறக்கும்போது சட்டைப் பையில் இருக்கிற பேனா விழுமா விழாதா என்று மிக்கேல்ராஜ் அவனைக் குடைந்து குடைந்து கேட்டார். அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் முதுகில் தட்டிவிட்டேன். அந்த முதுகுக்கு வயது முப்பத்தி ஒன்று.

செய்தி வந்த வழியை மிக்கேல்ராஜ் துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய தங்கை மகன் இனிகோ அதே விமானத் தளத்தில் டெக்னீஷியன். காலையில் போன் பண்ணி, மாமா, நம்ம அழகு சார் போயிட்டாரு மாமா என்று அழுதிருக்கிறான். அழகுவின் மனைவி பவித்ரா அங்கே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாள். தளபதியே நேரில் போய் அவளிடம் சொல்லியாயிற்று. 

“வீட்டுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டேன்.

எல்லாரும் டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“ராமருக்கும் அய்யம்மாளுக்கும் சொல்லியாச்சான்னு கேக்குறேன்.”

“சூலூர் ஏர்போர்ஸ்ல இருந்து ஆபீசருங்க காருல கெளம்பிட்டாங்களாம் மேடம்,” என்றார் மிக்கேல்ராஜ். “பவித்ரா பொண்ணு சொல்லிருச்சாம், அத்தைக்கும் மாமாவுக்கும் போன்ல சொல்லிறாதீங்க, நேர்ல போயிச் சொல்லுங்கன்னு. இனிகோவும் என்னைய யார்ட்டயும் மூச்சு விடாதீங்க மாமான்னுதான் சொன்னான். எனக்குத்தேன் தாங்கல.”

தாங்காததால் அவர் சங்கம் முழுக்கச் சொல்லிவிட்டார். சரி, மனிதர்தானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் பட்டது. செயலாளர் முகேஷ்குமார் உட்காரும் நாற்காலி. விமானப் படையில் சார்ஜெண்டாக இருந்தவர், எங்கள் எல்லாரையும்விட வயதில் சின்னவர், ஓடியாடுகிறவர். அவர் எங்கே என்று கேட்டேன்.

“பிளக்ஸ் கட்டப் போயிருக்காரு,” என்று மூலையிலிருந்து ஒருவர் சொன்னார்.

எங்கள் ஊரில் காதுகுத்தானாலும் கருமாதியானாலும் முதலில் எழுந்து நிற்பது பிளக்ஸ்தான். போன வருஷம் எங்கள் ஹவில்தார் ஒருவர் இறந்தபோது இன்னொரு சங்கம் முந்திக்கொண்டு கண்ணீர் அஞ்சலி கட்டிவிட்டது. அந்த அவமானத்தை முகேஷ்குமார் மறக்கவே இல்லை. பிளக்ஸ் கடையில் சங்கத்து முத்திரை, கருப்பு பார்டர், மெழுகுவர்த்தி எல்லாம் தயாராக ஏற்றி வைத்திருப்பார். படமும் பெயரும் மாற்றினால் போதும், கடைக்காரர் சுடச்சுட அடித்துக் கொடுத்துவிடுவார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிவியைத் தூக்கி உடைத்திருப்பேன். பெற்றவர்களுக்குத் தெரியாது, ரோட்டில் போகிற எருமை மாட்டுக்குத் தெரியும். “அறிவிருக்கா உங்க யாருக்காச்சும்? அத்தன பேரும் யூனிஃபார்ம் போட்ட ஆளுங்கதான? ஒருத்தனுக்குக் கூடவா தோணல?” என்று கத்தினேன். அவர்கள் முகத்தைப் பார்த்தபிறகு மேலே கத்தவும் முடியவில்லை. பொங்கல் பிரியாணியில் தனக்கு மட்டும் முட்டை வைக்கவில்லை என்று சண்டை போட்ட சமையல்கார ஹவில்தார், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முகேஷ்குமாருக்குப் போன் போட்டேன். எங்கெங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “பஸ் ஸ்டாண்டு முன்னால ஒண்ணு, தாடிக்கொம்புல ஒண்ணு, அவுங்க ஊர் விலக்குல ஒண்ணு மேடம். மொத ஆளா நாமதான்,” என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

ஊர் விலக்கு என்றால் அய்யம்மாள் பஸ் ஏறி இறங்குகிற இடம்.

ராமரின் போனுக்கு அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காலையில் பூ மார்க்கெட்டில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பூவைப் போட்டுவிட்டு, கருகிப்போய்க் காயில் கட்டக் கொடுத்த கிணற்று மோட்டாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதாகச் சொன்னாராம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். மிக்கேல்ராஜ் தன்னுடைய ஆம்னி வேன் சாவியை எடுத்தார். அந்த நிலையிலும் வண்டியை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார், அது அவர் குணம்.

பஸ் ஸ்டாண்டு முன்னால் முகேஷ்குமார் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மேலே அழகுராஜா, ஆள் உயரத்துக்கு மேல், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். “கழட்டுங்க,” என்றேன். ஏன் மேடம் என்றார். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்றேன். அவர் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனதை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் ஸ்டூலை இழுத்துப் போடுவோம். அவர் கயிற்றை அவிழ்க்கக் கூடப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்து இழுத்தார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், சின்ன வயசு, பாவம், எந்த ஊரோ என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

வேனில் ஏறியதும் அவர் பிளக்ஸைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஊரைத் தாண்டிக் கரூர் ரோட்டில் ஏறியதும் ஆடிக் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. கொஞ்ச தூரம் போனபிறகு முகேஷ்குமார் தானாகவே பேசினார்.

“இனிகோட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் மேடம். சீட் போச்சான்னு கேட்டேன்.”

ஆபத்து என்றால் விமானி ஒரு வளையத்தைப் பிடித்து இழுப்பான். உட்கார்ந்திருக்கிற இருக்கையே அவனோடு வெளியே எகிறி, பாராசூட் விரிந்துவிடும். முகேஷ்குமார் விமானங்களைப் பழுது பார்த்தவர், அவருக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது.

“போகலண்ணேன்னான். ஏன்னு தெரியலையாம். நேரம் இருந்துச்சாம் மேடம். ஏன் இழுக்கல? எனக்கு அங்கயே கை கால் ஓடல. என்னமாச்சும் செய்யணும்னு இருந்துச்சு. எனக்குப் பிளக்ஸ் கட்டத்தான தெரியும்?”

திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன்.

தாடிக்கொம்பில் பிளக்ஸ் இல்லை. கோயில் நடை சாத்தி, வெயிலில் ரோடு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு கம்பங்களிலும் நைலான் கயிறு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இந்த இடம்தான், நானே முடிச்சுப் போட்டேன் என்று முகேஷ்குமார் சத்தியம் செய்தார். காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார் மிக்கேல்ராஜ். மாட்டுக் கொட்டகை மேல் விரிக்க யாராவது அவிழ்த்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நான் சொன்னேன், எங்கள் பக்கத்தில் பாதிக் கொட்டகைகளுக்குத் தலைவர்கள் படம்தான் கூரை. எப்படியோ ஒழிந்ததே என்று கிளம்பிவிட்டோம். எங்களுக்கு ஊர் விலக்குதான் முக்கியமாக இருந்தது.

விலக்கில் அந்த மூன்றாவது பிளக்ஸ் புளியமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவில் நின்றது. மேல் கயிறு நழுவி, காற்றில் மேல் பக்கம் முன்னால் மடங்கித் தொங்கியது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தும் மெழுகுவர்த்தியும் மடிப்புக்குள் போய்விட்டன. வெளியே தெரிந்தது அவன் சிரித்த முகம், பெயர், கீழே எங்கள் சங்கத்தின் பெயர், ஓரத்தில் கொஞ்சம் கருப்பு பார்டர். இவ்வளவுதான். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. யாரும் பார்த்திருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது, மாதா காப்பாற்றிவிட்டாள் என்று நெஞ்சில் கை வைத்தேன். 

முகேஷ்குமார் கயிற்றில் கை வைத்தபோது ஊருக்குள்ளிருந்து வருகிற மண்பாதையில் அய்யம்மாள் வந்துகொண்டிருந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் சூடம், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

“வாங்கக்கா, வாங்கண்ணே,” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “இப்பத்தேன் பக்கத்து வீட்டு ஒச்சாயி ஆட்டோல வந்து எறங்கி, ஒம் மகன் படத்த ரோட்டுல வச்சிருக்காங்கடின்னு சொன்னா. ஓடியாந்து பாத்துட்டு, தட்டெடுக்கத் திரும்பப் போனேன். எதுக்குண்ணே போர்டு? மேல பெரிய ஆபீசராக்கிட்டாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க அந்தப் பய. போன தடவ நீங்க வச்சப்பவே ஊரு கண்ணு பட்டு அவனுக்கு ஒரு வாரம் காய்ச்சலு.”

போன தடவை என்பது ஸ்குவாட்ரன் லீடர் ஆனபோது நாங்கள் கட்டிய வாழ்த்து பிளக்ஸ். அதிலும் இதே சிரிப்புதான், இதே ஹெல்மெட்தான். முகேஷ்குமாரின் போனில் இருந்த ஒரே நல்ல படம் அது.

அவள் படத்துக்கு முன்னால் நின்று தீக்குச்சியைக் கிழித்தாள். அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும் அணைந்தது. “காத்துல சூடம் நிக்க மாட்டேங்குது. அண்ணே, செத்த மறைச்சு நில்லுங்க,” என்றாள் மிக்கேல்ராஜிடம்.

அந்த மனிதர் போய் நின்றார். நாற்பது வருஷமாகச் சொன்னதைச் செய்து பழகிய உடம்பு. இரண்டு கையையும் குவித்து அவள் சூடத்துக்கு அணை கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அய்யம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. சூடம் பற்றிக்கொண்டது.

அவள் கையைத் தூக்கிச் சுற்றப்போனபோது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வெயில் மண்டையப் பொளக்குது அய்யம்மா. வா, மொதல்ல வீட்டுக்குப் போவோம்.”

“ஒரு சுத்துக்கா…”

“வா சொல்றேன்.” என் குரல் எனக்கே வார்டில் கேட்ட குரலாக இருந்தது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சூடத்தை மண்ணில் தட்டினாள். எங்களுக்குப் பின்னால் முகேஷ்குமார் பிளக்ஸை எழுத்து உள்ளே இருக்கும்படி சுருட்டுகிற சத்தம் கேட்டது. காத்துல கிழியுது, அதான் கழட்டுறோம் என்று அவராகவே ஏதோ உளறினார்.

வீட்டில் கரண்டு இல்லை. காற்றுக்குக் காலையிலேயே போய்விட்டதாம், டிவி போடவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். அய்யம்மாள் எங்களை நாற்காலியில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். முகேஷ்குமார் உள்ளே வரவில்லை, வேனிலேயே இருந்துவிட்டார். நானும் மிக்கேல்ராஜும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆபீசர்கள் வருகிற வரைக்கும் பேச்சை ஓட்டிவிட வேண்டும் என்று கண்ணாலேயே அவர் என்னிடம் கெஞ்சினார். முறை அதுதான். யூனிஃபார்மில் வந்து, தொப்பியைக் கழற்றி, நின்று சொல்ல வேண்டும். அதற்கென்று ஆள் வைத்திருக்கிறார்கள்.

அய்யம்மாள் ஜன்னல் மேல் இருந்த போனை எடுத்தாள். 

“நேத்து ராத்திரிகூடப் பேசுனான். என்னமோ மறைக்கிறான்னு அப்பவே நெனச்சேன். இருங்கக்கா, நீங்க இருக்கும்போதே கேட்டு நாலு வார்த்த திட்டுறேன்.” காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “அணைச்சு வச்சிருக்கான். பவித்ராளுக்குப் போடுறேன்.”

அந்தப் பெண் அங்கே எந்த நிலையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளே வேண்டிக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதையும் இந்தப் போன் பாழாக்கப்போகிறது. நான் எழுந்து போய் அய்யம்மாள் கையிலிருந்து போனை வாங்கிக் கீழே வைத்தேன். மேடம் என்று மிக்கேல்ராஜ் மெல்லக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

வார்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. சுற்றி வளைக்கக் கூடாது. அடிபட்டிருக்கு, சீரியஸா இருக்கு என்று சொன்னால், கேட்கிறவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். பிறகு அதையும் நாம்தான் அறுக்க வேண்டியிருக்கும்.

“அய்யம்மா, உக்காரு. காலைல அழகு ஓட்டுன பிளேன் கீழ விழுந்துருச்சு. அழகு எறந்துட்டான்.”

அவள் உட்காரவில்லை. என் வாயையே பார்த்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, நான் அதையும் சொல்லி முடிப்பேன் என்பது போலப் பார்த்தாள். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவள் தலையாட்டினாள், கடையில் கணக்குக் கேட்டுக்கொள்கிறவள் மாதிரி. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பு மட்டும் குளிர் கண்ட மாதிரி உதறியது.

“அந்த போர்டுல அதேன் போட்ருந்துச்சா?” என்றாள்.

“ஆமா.”

“நான் பாத்தேனே. நல்லா சிரிச்சிக்கிட்டுத்தான இருந்தான்.”

மிக்கேல்ராஜ் அப்போது அழுத சத்தத்தை நான் அதற்கு முன் எந்த ஆணிடமும் கேட்டதில்லை. வயதான மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கால் அழுதார்.

வெளியே டிவிஎஸ் வண்டி வரும் சத்தம் கேட்டது. அய்யம்மாள் உடனே நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழாத முகத்தில் துடைக்க என்ன இருந்ததோ.

“அவுக வந்துட்டாக. அவுகளுக்குத் தெரியாது. காலைல ஊசி போட்டுக்கிட்டுப் போனவுக, பச்சத் தண்ணி பல்லுல பட்ருக்காது. சுகர் எறங்கிரும். ரெண்டு வாய் சாப்டட்டும்க்கா. சாப்ட்டப்பறம் நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது.” சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போனாள். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

நான் வாசலுக்குப் போனேன். ராமர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கேரியரில் இருந்த மோட்டாரை அவிழ்க்காமல் நின்றார். மோட்டாரின் மேல் சாக்குக்குப் பதிலாக மடித்துக் கட்டியிருந்த பிளக்ஸின் ஓரத்தில் கருப்பு பார்டர் தெரிந்தது. தாடிக்கொம்பு பிளக்ஸ்.

அவர் என்னையும் எனக்குப் பின்னால் வந்த மிக்கேல்ராஜையும் பார்த்தார். பக்கத்தில் வந்து, வீட்டுக்குள் கேட்காத குரலில் பேசினார்.

“உண்மையா சாப்?”

மிக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“நெறையப் பேரு போன் போட்டாங்க. எடுக்கல. எடுத்தா சொல்லிருவாங்கள்ல? ஆத்துப் பாலத்துக்கு அடியில செத்த நேரம் உக்காந்திருந்தேன். அவ சாயந்தரம் கோயிலுக்குப் போறேன்னா, அந்த வழியாத்தேன் போகணும். அதான் அவுத்துட்டு வந்துட்டேன்.” உள்பக்கம் ஒரு முறை பார்த்தார். “அவகிட்டச் சொல்லிட்டீங்களா மேடம்?”

நான் வாயைத் திறந்தேன். நீளமான வாய் என்று பெயரெடுத்த வாய். அதற்குள் அவரே கையைத் தூக்கித் தடுத்தார்.

“வேணாம். ஆபீசருங்க எப்படியும் வருவாங்க. அதுவரைக்கும் சொல்லாதீங்க. இன்னும் செத்த நேரம் அவளுக்கு அவன் உசுரோட இருந்துட்டுப் போகட்டும்.”

“கை கழுவிட்டு வாங்க, சோறு போட்டுட்டேன்,” என்று உள்ளேயிருந்து அய்யம்மாளின் குரல் வந்தது. எப்போதும் கூப்பிடுகிற அதே குரல்.

ராமர் பிளக்ஸை அவிழ்த்து மாட்டுத் தீவனத் தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். சோறு, கீரைக் குழம்பு. கத்திரிக்காய் வெஞ்சனத்தை எடுத்து, வைக்கவா என்று கேட்டாள். வை என்றார். மோட்டார் சரியாயிருச்சா என்று கேட்டாள். ஆயிருச்சு, நாளைக்கு மாட்டணும் என்றார். கோயில் கொடைக்குச் சந்தனம் வாங்கச் சொன்னேனே என்றாள். மறந்துட்டேன் என்றார். அவர் ஒவ்வொரு வாயாகப் பிசைந்து எடுத்து உள்ளே தள்ளினார், மூட்டை ஏற்றுகிறவர் மாதிரி. அவள் எதிரில் உட்கார்ந்து அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்திருந்ததால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

மிக்கேல்ராஜ் தாங்கமாட்டாமல் வெளியே போய்விட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். எத்தனையோ சாவுகளைப் பார்த்திருக்கிறேன், குண்டு பட்டது, பனியில் விரல் போனது, இருபது வயதுப் பையன்கள் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போனது. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் பிடித்து உலுக்கி, தெரியும்டா, ரெண்டு பேருக்கும் தெரியும், நடிக்காதீங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அவர் சாப்பிட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். இரண்டில் எதை நான் உடைப்பது?

மண்பாதையில் கார் வரும் சத்தம் கேட்டது. வாசலுக்கு நேராக வந்து நின்றது. கதவுகள் திறந்து, நீல யூனிஃபார்மில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். இறங்கும்போதே தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

ராமர் சட்டென்று நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், அவள் விழுந்தால் பிடிக்கத் தயாராக. அய்யம்மாள் அதே நேரத்தில் அவரைப் பார்த்தாள், அதற்காகவே. இரண்டு பேரில் ஒருவரும் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்கவும் இல்லை.

“ஒனக்கு…” என்றார் ராமர்.

“நீங்க சாப்ட்டு முடிங்க.”

“அய்யம்மா.”

“முடிங்கன்னு சொல்றேன்ல. மாத்திரை போடணும்.”

அவர் தட்டில் இருந்த கடைசி வாய்ச் சோற்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். தொண்டையில் இறங்கவில்லை. கன்னம் உப்பி, கண்ணில் நீர் முட்டி, மூச்சு விட முடியாமல் அவர் திணறியபோது அய்யம்மாள் தன் உள்ளங்கையைக் குழித்து அவர் வாய்க்குக் கீழே நீட்டினாள். அவர் அதில் துப்பினார்.

வாசற்படியில் நின்ற அதிகாரிகளில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐயா, நாங்க சூலூர்ல இருந்து என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். அய்யம்மாள் அந்தச் சோற்றுக் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, அன்றைக்கு முதல் தடவையாக மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.